மரபியல் வகுப்புக்கு வந்த மாமாக்கள்

மகா ஜனங்களே! இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. அதற்கு நான் உத்தரவாதம்.

அன்று காலை டேவான் என்கிற பள்ளி மண்டபம் முழுக்கப் புதுக் கம்பளி நூலின் வாசனை... கூடவே பக்கத்துச் செம்பனை ஆலையின் எண்ணெய் நெடி. நியாலாஸ் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். படிவம் நான்குக்குக் குரோமோசோம் பாடம்.

பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து என்று பலகையில் எழுதினால் யாருக்கு ஏறும்? உயிருள்ள சாட்சி வேண்டும் என்று முந்தின நாளே அறிவித்திருந்தேன்.

"ஆளுக்கொரு மாமா, ஒரு அத்தைய கூட்டிட்டு வாங்க. அம்மா பக்கம்னா கையில செவப்பு நூல், அப்பா பக்கம்னா நீலம். காதோட கீழ்நுனி ஒட்டியிருக்கா, தொங்குதான்னு பாத்து, யாரு யாரோட ஜாடைன்னு கண்டுபிடிப்போம்."

எஸ்டேட்டில் யார்தான் மாமா இல்லை?

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! வரிசையின் வால் பல மைல் தள்ளிச் சுங்கை ரம்பாயில் நின்றது. பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம், கீழே தைப்பூசம் என்று நினைத்து இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. மளிகைக்கடை பாய் ஒருவரே பாதி வகுப்புக்குத் தாய்மாமன். முழங்கை வரைக்கும் அவருக்குச் சிவப்பு நூல்!

காது பார்த்தோம்... ஒன்றும் ஒத்துவரவில்லை. என் தலைக்குள் குரோமோசோம்கள் ஓடிப்பிடித்து விளையாடின.

மைக்கைப் பிடித்தேன். "அம்மாகூடவோ அப்பாகூடவோ பொறந்தவங்க மட்டும் நூல வச்சுக்குங்க. மத்தவங்க அவுத்துடுங்க."

முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

ஸ்கூல் பஸ் ஓட்டும் முனியாண்டி, மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் அவிழ்க்கத் தொடங்கினார். அவரைக் கூட்டி வந்தவள் தேவிகா. அவள் அம்மாவுக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இருக்கிற ஒரே மாமா இவர்தான்.

"பரவால்லம்மா, பாடத்துக்கு நான் சரிப்பட மாட்டேன்லா. பஸ்ல இருக்கேன்."

தேவிகா அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்காதீங்க மாமா." என் பக்கம் திரும்பினாள். "சார், இவரு மடியில ஒக்கார வச்சுத்தான் எனக்குக் காது குத்துனாங்க. இப்ப இந்தக் காதுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லன்னா எப்படி சார்?"

"அன்னிக்கு என் சட்டையக் கடிச்சுக் கிழிச்சியே, அதையும் சொல்லுலா," என்றார் முனியாண்டி.

நான் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். மடியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"சரி... நூல் இருக்கட்டும்," என்றேன்.

உடனே அவிழ்த்தவர்கள் எல்லாரும் மறுபடி கட்ட ஆரம்பிக்க, எது யார் நூல் என்று பிரம்மாவுக்கே தெரியாமல் போனது!

இப்போது அதே பாடம் திரையில் ஓடுகிறது. ஒரு தட்டுத் தட்டினால் சிவப்பும் நீலமும் தானாக ஜோடி சேர்கின்றன. யாரும் யாரையும் கூட்டி வருவதில்லை. பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிகிறது. எனக்குத்தான் தேவிகா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை...

மேலே உள்ளதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியபோது, ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கையில் சிவப்பு நூல் இருந்தது.

அது மட்டும் நிஜம்.