ஈறு நிறத்தில் ஓர் இறால்

பல்லுக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முழு செட்டாக்கித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வீட்டு மாடியிலேயே பட்டறை. சன்னல் விளிம்பு, ஃபேன் இறக்கை, ரேடியோ, எல்லாவற்றின் மீதும் வெள்ளைத் தூள். தலையிலும் தூள் இருப்பதால் நரை எவ்வளவு, பிளாஸ்டர் எவ்வளவு என்று அவர் மனைவிக்கே தெரியாது.

வருஷக்கணக்கில் இந்த வேலை செய்தால் பார்வையே மாறிவிடும். யார் எதிரே வந்தாலும் அவர் கண் நேராக வாய்க்குத்தான் போகும். ஆள் பெயர் மறந்துபோகும், பல் மறக்காது. விருந்து வீட்டில் யாராவது எதையாவது கடக்கென்று கடித்தால், அது தன் பட்டறையில் பிறந்த பல்லா என்று எட்டிப் பார்ப்பார். தன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்ட திருப்தி.

ஊருக்கெல்லாம் பல் கட்டிய இந்த மனுஷன் வீட்டிலேயே, கீழே முன்னறையில், வாயில் ஒரு பல்கூட இல்லாமல் ஒருத்தி இருந்தாள். அவருடைய அக்கா.

அக்காவுக்கு நாற்பது வயதுக்குள் ஈறு கெட்டு, பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தம்பி அப்போது வேறு ஊரில் இருந்தார். எவனோ அவசரத்தில் ஒரு செட் செய்து கொடுத்தான். ஒரு கல்யாண விருந்தில், பக்கத்தில் இருந்தவர் சொன்ன ஜோக்குக்கு அவள் வாய்விட்டுச் சிரிக்க, மேல் செட் கழன்று தட்டில் விழுந்தது. ஜோக்குக்குச் சிரிக்காதவர்களும் அதற்குச் சிரித்தார்கள். அன்றைக்கே அந்த செட் டப்பாவுக்குள் போனது. அதற்குப் பிறகு அக்கா யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குழைய வேகவைத்ததை இன்னும் குழைத்து விழுங்குவாள். பேசும்போது கை தானாக வாய்மேல் போகும். கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள், அந்தக் கையும் கூடவே வந்தது.

புது செட் போட்டுக்கொள்ளச் சொல்லித் தம்பி கெஞ்சாத நாள் இல்லை. அவள் மசியவில்லை. அம்மா வேலைக்குப் போய்விட, எட்டு வயது மூத்தவளான அவள்தான் அவரைத் தூக்கி வளர்த்தவள். "உன் வாயில சோறு ஊட்டினவ நான். என் வாய்க்குள்ள நீ எட்டிப் பாக்கறதாவது? போடா, வேலையைப் பாரு" என்பாள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அவர் மனைவிக்கு வேறொரு குறை. கல்யாணம் ஆனதிலிருந்து தன்னை எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை என்ற குறை. நியாயமான குறைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தப்பித்தவறி, "சரி, எங்க போகலாம், நீயே சொல்லு" என்றுவிட்டார். மனைவி யோசிக்க ஆரம்பிப்பதற்குள் முன்னறையிலிருந்து பதில் வந்தது.

"ஒசாகா போங்க. நாலு நாள் போதும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்க்கெட்டையும் ஆஸ்பத்திரியையும் தாண்டி அக்கா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் வாயில் ஜப்பான் எப்படி வந்தது?

விஷயம் அன்று சாயங்காலம் வெளியே வந்தது. மதியம் எல்லோரும் அசந்து தூங்கும்போது அக்கா தூங்குவதில்லையாம். யாரோ காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒசாகாவில் தெருத்தெருவாக நடக்கிற படங்களை போனில் பார்த்துக்கொண்டிருப்பாளாம். பேச்சு இருக்காது, பாட்டு இருக்காது, நடை மட்டும்தான். அப்படியே அந்த ஊரில் நடந்து நடந்து அவளுக்குச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி.

சாப்பாட்டு மேசையில் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "இது ஸ்டேஷன். வெளியே வந்தா மேலே கூரை போட்ட கடைத்தெரு, மழை பெஞ்சாலும் நனைய மாட்டீங்க. நேரா நடந்தா கால்வாய். பாலத்தைத் தாண்டினதும் அண்ணாந்து பாருங்க. வீட்டு அளவு நண்டு ஒண்ணு காலை ஆட்டிட்டு இருக்கும்."

"வீட்டு அளவு நண்டா!" என்றாள் மனைவி.

"உயிரோட இல்லம்மா, பயப்படாதே. கடை வாசல்ல மாட்டி வச்சிருக்கான்."

உப்பு டப்பா கோட்டையாயிற்று. "கோட்டைச் சுவத்துல ஒரு கல் இருக்கு. ஒரே கல். நம்ம வீட்டு முன்பக்கம் முழுசும் அதுல அடங்கிடும். அந்தக் காலத்துல அதை எப்படித்தான் கொண்டு வந்தானோ! மேல ஏற முட்டி வலிக்குமேன்னு யோசிக்காதே, உள்ளே லிஃப்ட் இருக்கு."

பல்லுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் தன் அக்காதானா என்று இருந்தது. முன்னறை நாற்காலியை விட்டு எழாமல் ஒருத்தி ஒரு ஊரையே கையில் வைத்திருக்கிறாள். சமையலறைச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவளின் கண்ணில் கால்வாயும் விளக்கும் கோட்டையும் மின்னுகின்றன. கை மட்டும் வாய்மேல்தான் இருந்தது. விரலிடுக்கு வழியாகத்தான் ஒசாகா முழுவதும் வெளியே வந்தது.

பிறகு சாப்பாட்டுக்கு வந்தாள். குச்சியில் குத்திப் பொரித்துத் தருகிற கடையில், கடித்த குச்சியைத் திரும்பவும் பொதுக் கிண்ணத்துச் சாஸில் முக்கக்கூடாது, கடைக்காரன் கோபித்துக்கொள்வான் என்று தம்பியை முன்கூட்டியே எச்சரித்தாள். அவருடைய பழக்கம் அவளுக்குத் தெரியும்.

"அப்புறம் ஆக்டோபஸ் உருண்டை. இரும்புத் தட்டுல குழி குழியா இருக்கும். மாவை ஊத்தி, குழிக்கு ஒரு துண்டு ஆக்டோபஸ் போட்டு, ஊசியால திருப்புவான் பாரு, கை போறதே தெரியாது. வெளியே மொறுமொறுன்னு இருக்குமாம், உள்ளே கொழகொழன்னு. நடுவுல அந்தத் துண்டு மட்டும் பல்லுக்கு அழுத்தமா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "கடிக்கும்போது எப்படி இருக்குன்னு மட்டும் வந்து சொல்லுங்க. வீடியோவுல அது தெரிய மாட்டேங்குது."

பல்லுக்காரர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நீயும் வாக்கா."

"எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது."

"எடுத்தா போச்சு."

"அங்கெல்லாம் நின்னுகிட்டே நாலு பேர் முன்னாடி சாப்பிடணும்டா. கடைக்காரன் எதிர்லயே நிப்பான். நான் அந்த ஊர்ல போய்ச் சுவரைத் தேடிட்டு இருப்பேனா?" என்று சொல்லிவிட்டு டம்ளரையும் உப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா வராமல் டிக்கெட் போடுவதில்லை என்று அவர் அன்றைக்கு முடிவு செய்தார். மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? அவங்க டம்ளரை நகர்த்தும்போதே நான் முடிவு பண்ணியாச்சு" என்றாள் அவள்.

முடிவு செய்தால் போதுமா? வாய் திறக்க வேண்டியவள் அக்கா அல்லவா.

அடுத்த வாரம் ஒரு மதியம், அச்சு ஒன்று இறுகுகிற நேரத்தில், அவர் கீழே இறங்கி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் ஒரு கடைச் சன்னல் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் கிண்ணமாக நூடுல்ஸ். ஒரு கிண்ணத்தில் குச்சிகள் நூடுல்ஸை அள்ளிக்கொண்டு அந்தரத்தில் நின்றன. பிடித்திருக்க யாரும் இல்லை.

"இதெல்லாம் சாப்பாடு இல்லடா. பொம்மை. இன்ன பண்டம் கிடைக்கும்னு வாசல்ல காட்டறதுக்காகச் செய்யறது. பாத்திரக் கடையா இருக்கிற ஒரு தெருவுல இதை விக்கிறாங்க" என்றாள் அக்கா.

அவர் போனைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வெங்காயத் துண்டில் வளையம் வளையமாக வரி. கறியில் கொழுப்பு ஓடுகிற வெள்ளை. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினதுபோல் ஈரப் பளபளப்பு. பல்லுக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்றவர்களுக்குத்தான் அது நூடுல்ஸ். அவருக்கு அதில் ஒருத்தனுடைய விரல் தெரிந்தது.

"அக்கா, நிஜப் பண்டத்துல அச்சு எடுத்திருக்கான். சிலது மெழுகு. இந்தப் பளபளப்பு நம்ம செட்டுல வர்றதேதான்! அந்த ஊர்ல எனக்கு ஒரு பங்காளி இருக்கான்க்கா. வாய்க்கு வெளியே இருக்கிறதை அவன் செய்யறான், உள்ளே இருக்கிறதை நான் செய்யறேன்."

"பெரிய பங்காளி. எங்கே, நீ ஒரு இறால் செஞ்சு காட்டு பாப்போம்."

அவர் அப்படியே மாடிக்கு ஓடினார். அங்கே இறுகிய அச்சு அவருக்காகக் காத்திருந்தது. அதைச் சீந்தவில்லை. மெழுகுத் தகடுகளை அள்ளிக்கொண்டு வந்து அடுப்பில் உருக்கினார். அகலப் பாத்திரத்தில் வெந்நீர். உருகியதை உயரத்திலிருந்து ஊற்றினால் அது தண்ணீரில் விழுந்து சுருண்டு விரியும், அதை அள்ளி இறாலைச் சுற்றினால் மொறுமொறு மாவுபோல ஆகிவிடும் என்று வேறொரு படத்தில் அக்கா பார்த்திருந்தாள். "இன்னும் மேலேருந்து ஊத்துடா... அட, மெதுவா!" என்று மேற்பார்வை பார்த்தாள். சமையலறைத் தரை முழுக்க மெழுகு. மனைவி வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இறால் என்னவோ வந்துவிட்டது. சுருண்ட உடம்பு, விசிறி வால், மேலே புசுபுசுவென்று மாவு. நிறம்தான் உதைத்தது. பல் செட் மெழுகு ஒரே நிறத்தில்தான் வரும், இளஞ்சிவப்பில். தட்டில் கிடந்த இறால், தலை முதல் வால் வரை, அச்சு அசலாக ஈறு.

அக்கா அதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, இது இறாலா, இல்ல இறாலோட ஈறா?" என்று கேட்டுவிட்டு, தானே தாங்காமல் சிரித்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் தட்டு. வாயை மூடக் கை இல்லை.

பல்லுக்காரர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

வெந்நீரில் மெழுகுத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. அக்கா கையை இறக்கி, கரண்டியால் அவற்றை ஓரமாக ஒதுக்கினாள். "அப்புறம் மூடி என்ன ஆகப்போகுது? செஞ்சு தொலை. ஆனா அச்சு டாக்டர்தான் எடுக்கணும். நீ அந்தப் பக்கமே வரக்கூடாது" என்றாள்.

அவர் போகவில்லை. மனைவிதான் கூட்டிப்போனாள். அச்சு மட்டும் மாடிக்கு வந்தது. அவர் பிளாஸ்டர் ஊற்றி, காத்திருந்து, பிரித்தார். உள்ளங்கையில் அக்காவின் வாய் இருந்தது.

எத்தனை வாய்களைக் கையில் ஏந்தியிருக்கிறார்! இதை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எலும்பு கரைந்து, பல் இருந்த மேடு மெலிந்து, கத்தி விளிம்புபோல ஆகியிருந்தது. இத்தனை வருஷம் வெறும் ஈற்றால் மென்று, ஒரு வார்த்தை முனகாமல், மூன்று வேளையும் வீட்டுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவர் அதைத் துணியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் போய் நின்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார்.

பழைய பல் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு போட்டோ இல்லை, எல்லாவற்றிலும் உதடு மூடியிருந்தது. அவருக்குப் போட்டோ தேவைப்படவில்லை. கண்ணை மூடினார். சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே குனிந்து, "ஆ சொல்லு, ஆ" என்று தன் வாயையும் திறக்கிற முகம் வந்தது. மேல் வரிசை முன்பற்களில் இடது பல் வலது பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கும். அவர் மெழுகில் பற்களை நட்டார். அந்த ஒன்றை ஏற்றி வைத்தார்.

செட்டைப் போட்டுப் பார்க்கும் நாளில் டாக்டர் போன் செய்தார். "முன்பல் ஒண்ணு கோணலா இருக்கே, தவறிப்போச்சா?"

"தவறல டாக்டர். அது அப்படியே இருக்கட்டும்."

புது செட்டோடு வீடு வந்த அக்கா யாரிடமும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பல்லுக்காரர் வாசலில் நின்றார். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார். கதவு திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"எனக்கே மறந்துபோச்சுடா இந்தக் கோணல். உனக்கு எப்படி ஞாபகம்?"

"நீ ஊட்டும்போது நான் வேற எதைப் பாத்தேன்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கும் சாப்பாடு சமையலறைச் சுவரோடுதான். மறுநாளும் அப்படித்தான். சுவரைப் பார்த்து ஏதோ மெல்லும் சத்தம் மட்டும் வரும், நாளுக்கு நாள் கொஞ்சம் பலமாக. பல்லுக்காரரும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருத்தரும் டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு ஒரு மதியம், இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா தன் தட்டோடு வந்து எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டில் வெள்ளரித் துண்டு, தோலோடு. ஒரு கை தாடைக்குக் கீழே தயாராக நின்றது, பல் விழுந்தால் பிடிக்க. கடித்தாள். கடக்கென்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. செட் அசையவில்லை. மென்றாள், விழுங்கினாள், இன்னொரு துண்டு எடுத்தாள். தாடைக்குக் கீழே இருந்த கை மெல்ல இறங்கி மடியில் உட்கார்ந்தது. எதிரே இருந்த இரண்டு பேரும் சாப்பிட மறந்து அவளையே பார்த்தார்கள்.

"என்ன வேடிக்கை? அந்த ஆக்டோபஸைக் கடைசி நாளுக்கு வச்சுக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றாள் அக்கா.

மறுநாளே பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கிளம்பினார்கள். ஸ்டுடியோ இடுக்கு அறை, வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. போட்டோக்காரர் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்துக் காமிராவில் கண்ணை வைத்தார். தலையைத் தூக்கினார்.

"அம்மா, பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக்கூடாது. வாயை மூடிக்கோங்க."

அக்கா மூடினாள். விளக்கு எரிவதற்குள் உதடு பிரிந்துவிட்டது. திரும்பவும் மூடினாள். திரும்பவும் பிரிந்தது.

"பல்லு தெரியுதும்மா!"

"மூட வரலையேப்பா, நான் என்ன பண்ணட்டும்" என்றாள் அக்கா. இரண்டு கையும் மடியில் இருந்தன. போட்டோக்காரருக்குப் பின்னால் நின்ற பல்லுக்காரர் எட்டிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோணல் பல் பளிச்சென்று தெரிந்தது. போட்டோக்காரர் அலுத்துப்போய், "மூடுங்கம்மா, கொஞ்ச நேரம்தான், மூடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார்.