இன்னாசியம்மாளின் பசு

பாலக்கோட்டில் என் கறிக்கடையில் குடல் கழுவுகிறவள் இன்னாசியம்மாள். ஆட்டு வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் பச்சைச் சக்கையைப் பின்பக்கக் குழியில் கொட்டுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. புருசன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது இந்தக் கூலியும் ஒரு பசுவும்தான்.

தக்காளி விலை விழுந்து ரோட்டோரம் கொட்டிக் கிடந்த சமயம். சும்மா கிடைக்கிறதே என்று மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் பசுவுக்குப் போட்டாள். அது அளவில்லாமல் தின்று அசைபோடுவதை நிறுத்தியது. பிறகு படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டு டாக்டர் சசிகலாவோடு கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, பூசைக்குக்கூடப் போவல. இப்ப அறுத்த ஆட்டோட வவுத்துச் சக்கை வேணுங்க."

"எதுக்கு? கொழம்பு வெக்கவா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தக்காளி புளிச்சு மாட்டு வயித்துல இருந்த பாக்டீரியா செத்துப்போச்சுங்க. வயித்தைக் கழுவிட்டேன். இந்தச் சக்கையில அதுங்க உசுரோட இருக்கு."

"அதுங்க இருந்து என்ன பண்ணும்?"

"வைக்கோல்ல என்னங்க சத்து? அதுங்கதான் அமினோ அமிலம்னு ஒண்ணைத் தானே செய்யும். அதுல கொஞ்சம் எடுத்து, வேற ஒண்ணோட சேத்து வைட்டமின் ஆக்கும். தனக்காகத்தான் செய்யுது. மாடு அதுல பொழைக்குது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கறி தெரியும், ஈரல் தெரியும், எலும்பு தெரியும். நான் அறுத்த ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் ஒரு ஊரே உலை வைத்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியாது.

அன்றைக்கு அறுத்த ஆடுகளின் சக்கையையெல்லாம் துணியில் பிழிந்து கேனில் பிடித்தோம். ஆறக்கூடாதாம். சாக்கு சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்து என் வண்டியில் வந்தாள் இன்னாசி. டாக்டரம்மா பசுவின் வாய்வழியே குழாய் விட்டு அதை வயிற்றுக்குள் ஊற்றினார். இருட்டும்வரை பசு அசையவில்லை.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. பசு போச்சு என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன்.

பசு எழுந்து நின்றுகொண்டிருந்தது. என் முகத்துக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டது. அப்படி ஒரு நாற்றம். தாடை மெல்ல அரைக்க ஆரம்பித்தது.

"அண்ணே, அசைபோடுதுங்க!" என் கையைப் பிடித்து இழுத்துப் பசுவின் இடது விலாவில் வைத்தாள். உள்ளே ஏதோ புரண்டது. நின்றது. மறுபடி புரண்டது.

"கடை தொறக்கலீங்களா?"

"தொறக்கலாம், இரு," என்றேன். கையை எடுக்க மனசு வரவில்லை.