விழும் முன்னே ஓடியவர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது மின் கட்டண ரசீது மட்டும்தான் அவரை அந்தப் பெயரில் கூப்பிடுகிறது. ஊருக்கு அவர் அட்வான்ஸ்.

வாரத்தில் ஆறு நாள் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்குவது அவர் தொழில். லிஃப்டுக்குள் நுழையாத பீரோ, லிஃப்டே இல்லாத நான்காவது மாடி, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வழியை மறித்து நிற்கும் வீட்டுக்காரர் என்று நாள் ஓடும். முன்பக்கம் அவர் பிடிப்பார். பின்பக்கம் மனைவியின் தம்பி. பதினாறு வருடமாக இருவரும் ஒரே பாரத்தின் இரண்டு முனைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதைவிட, நடுவில் ஒரு சாமானை வைத்துக்கொண்டு பேசியதுதான் அதிகம்.

ஏழாவது நாள், ஆட்டம் இருந்தால், இருவரும் கால்பந்து மைதானத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குவார்கள். அதற்குக் கிடைக்கும் கூலி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கோட்டுக்கு இரண்டடி தள்ளி அவர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. மேலே கண்ணாடி அறையில் உட்காரும் பெரிய மனிதர்களுக்கு ஆட்டம் தெரியும். இந்தப் பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஆட்டக்காரன் மூச்சு வாங்குவதே கேட்கும். அட்வான்ஸுக்கு உலகத்தில் வேறெதன் மீதும் பேராசை கிடையாது. அந்தப் பெஞ்சு போய்விட்டால் மட்டும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

பெஞ்சுக்கு ஓயாமல் வேலை கொடுத்தவன் பீங்கான். அதுவும் ரசிகர்கள் வைத்த பெயர்தான். அணி அதுவரை யாருக்கும் கொடுக்காத விலையைக் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரன். வந்த வாரமே அவன் முகத்தைப் பேருந்துகளில் ஒட்டினார்கள். அடுத்த மூன்று வருடமும் அவனைவிடப் பேருந்துகள் நன்றாக ஓடின. தொடை, கணுக்கால், திரும்பவும் தொடை. ஒரு முறை தும்மியதில் முதுகு பிடித்துக்கொண்டது. பாதி ஆட்டங்களுக்கு நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து, கை தட்டிவிட்டுப் போனான். நன்றாகவே கை தட்டினான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவனைத் திட்டுவதில் ஊருக்கே முதல் ஆள் அட்வான்ஸ்தான்.

"மாமா, அவன் ஒரு நாள் படுத்துக் கிடக்கிறதுக்கு வாங்குறதை, நாம ஆயுசு பூரா பீரோ தூக்கினாலும் கண்ணால பார்க்க மாட்டோம்" என்பான் மைத்துனன், படிக்கட்டில், ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்து.

"இந்த ஃப்ரிட்ஜை அவன்கிட்டக் குடுத்துப் பாரு. கதவைத் திறந்தாலே தோள்பட்டை கழண்டு விழும்."

"விழுந்தா நாமதானே தூக்கணும்?"

"அதான்டா மாப்ளே வயித்தெரிச்சலே!"

துணிக்கடையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இந்த விஷயத்தில் வேறொரு கருத்து இருந்தது. "அந்த ஆளைத் திட்டித் தீர்க்கிறீங்க. ஆனா அவன் 'ஆ'ன்னா ஓடுறீங்க. நான் தினமும் கால் வலிக்குதுன்னு சொல்றேன், இந்த நாற்காலியை விட்டு எழுந்திருச்சிருக்கீங்களா?"

"உனக்கு நடுவர் கை காட்டலையே."

அன்றைக்கு அவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

பிடிக்காதவனைப் பார்ப்பதுபோல் பிடித்தவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பத்து முறை தூக்கிய பிறகு, பீங்கான் விழுவதற்கு முன்னால் என்ன செய்வான் என்பது அட்வான்ஸுக்கு அத்துப்படியாகிவிட்டது. இடது கையால் தொடையின் பின்பக்கத்தைத் தொடுவான். பிறகு, செருப்பில்லாமல் வெயில் தரையில் கால் வைத்தவன் மாதிரி இரண்டு சின்ன எட்டு வைப்பான். அணியின் மருத்துவர்கள் நாலு பேருக்கும் இது தெரியாது. அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வந்த கதைக்கு வருவோம். ஒரு நாள் பீங்கான் தொடையைத் தொட்டான். இரண்டு எட்டு வைத்தான். அட்வான்ஸ் ஸ்ட்ரெச்சரோடு மைதானத்துக்குள் ஓடிவிட்டார். பின்முனையைப் பிடித்திருந்த பாவத்துக்கு மைத்துனனும் இழுபட்டான். கிட்டே போன பிறகுதான், ஆள் இன்னும் விழவில்லை என்பது உறைத்தது. இருபத்திரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். பீங்கான் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர் பீங்கானைப் பார்த்தது. நாற்பதாயிரம் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் ஸ்ட்ரெச்சர்காரர்கள் இருவரையும் வெளியே விரட்டினார். நான்கு நிமிடம் கழித்து பீங்கான் விழுந்தான். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பெயர் அதற்குள் ஒட்டிவிட்டது.

மைதானத்தின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் கூப்பிட்டு விட்டார். சிரிக்காத மனிதர், சிரிப்பும் ஒரு பாதுகாப்புக் குறைபாடு என்று நினைப்பவர். "இங்க பாருங்க, ஓடுன்னு சொன்னாத்தான் ஓடணும். இன்னொரு தடவை நீங்களா முடிவெடுத்தீங்கன்னா, அந்த பெஞ்சுல வேற ஆள் உட்காருவான்."

"சரிங்க சார்" என்றார் அட்வான்ஸ். அதற்கப்புறம் பெஞ்சில் உட்காரும்போது கால்களைப் பின்னிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் அணி தப்பிக்கும். இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்குப் போகும். எண்பத்தைந்தாவது நிமிடம், இரண்டு பக்கமும் ஒரு கோல். அன்றைக்குப் பார்த்து பீங்கான் பேய் மாதிரி ஆடிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் எங்கேடா வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றும் ஆட்டம். கேட்டுக்கொண்டும் இருந்தார்கள், நடுநடுவே அவன் அம்மாவையும் இழுத்து.

பந்து எதிரணிக்காரன் காலில் பட்டு வெளியே போனது. கார்னர். கொடி நட்ட மூலை பெஞ்சுக்கு மிக அருகில். பீங்கான் அதை நோக்கி வந்தான். இடது கை தொடைக்குப் போனது. இரண்டு சின்ன எட்டு.

"மாமா, வேணாம்" என்றான் மைத்துனன், முன்கூட்டியே.

அட்வான்ஸ் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, உட்காரு."

பீங்கான் திரும்பினான். "கேலரியில இருக்கிறவங்க திட்டுறது பத்தாதா? நீங்க வேறயா?"

"திட்டலைப்பா. தொடை போகப்போகுது. கீழ உட்காரு, நான் வந்து தூக்கிக்கிறேன்."

அவன் பந்தை மூலையில் வைத்தான். "எப்படித் தெரியும்?"

"பதினோரு தடவை தூக்கியிருக்கேன். இதுகூடத் தெரியாதா?"

"இந்த ஒண்ணை அடிச்சுட்டுப் போயிடறேண்ணே" என்றான் பீங்கான்.

ஆடச் சொல்லி மூன்று வருடம் திட்டியவர் படுக்கச் சொன்னார். படுப்பதற்கே சம்பளம் வாங்குவதாகப் பேரெடுத்தவன் மாட்டேன் என்றான். பந்து வளைந்து போனது. யாரோ ஒருவன் தலையால் முட்டினான். கோல். மைதானமே எழுந்து ஆடியது. உதைத்தவன் மட்டும் கொடிக்குப் பக்கத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

இந்த முறை நடுவர் முறைப்படி கை காட்டினார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும், கேலரியிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது. "மெதுவா தூக்குங்கடா! நேரம் போகட்டும்!" வீணாகும் நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டிக் கொடுத்துவிடுவார் என்பது நாற்பதாயிரம் பேருக்கும் தெரியும். இருந்தும் கத்தினார்கள். பீங்கானுடைய காயத்தை ஊர் கொண்டாடியது அதுவே முதல் தடவை. கோட்டுக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார்: நிதானம், நிதானம்.

"மெதுவாவே போங்கண்ணே" என்றான் பீங்கானும். சொல்லும்போது பல் கிட்டித்திருந்தது. உதட்டில் நிறமில்லை.

அட்வான்ஸ் அதைப் பார்த்தார். கையில் பாரம் இருக்கும்போது நின்று வேடிக்கை காட்ட அவருக்குத் தெரியாது. ஓடினார்.

"மாமா! மாமா, நில்லுங்க!" என்று மைத்துனன் கத்திக்கொண்டே பின்னால் வந்தான், கைப்பிடியை விட முடியாதே. ஒரு நிமிடம் இழுத்திருக்க வேண்டிய தூரத்தைப் பதினைந்து விநாடியில் கடந்தார்கள். பீங்கானுக்கென்று ஊர் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் பயணச்சீட்டுகூட வாங்காமல் அட்வான்ஸ் தலையில் வந்து இறங்கியது. சுரங்க வழியில் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். "ஏண்ணே ஓடினீங்க?" என்று கேட்டான் பீங்கான். நிஜமாகவே கோபமாகத்தான் கேட்டான். "அவனுங்க கோல் அடிச்சுட்டா?"

வெளியே எதிரணி கடைசியாக ஒருமுறை பாய்ந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அணி தப்பித்தது.

மேற்பார்வையாளர் அட்வான்ஸைத் தப்பிக்க விடவில்லை. "ஓடாதேன்னா ஓடுறீங்க. நடன்னா, அப்பவும் ஓடுறீங்க. உங்களை வெச்சு நான் என்ன பண்றது?"

"அவனுக்கு வலிச்சுது சார்."

"அவனே மெதுவாப் போகச் சொன்னானாமே?"

அட்வான்ஸின் முகம் பெஞ்சிருந்த பக்கம் போயிற்று. மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு மைத்துனனைப் பார்த்தார். "நீ இருக்கலாம். முன்பக்கத்துக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்."

மைத்துனன் தரையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். பதினாறு வருடத்தில் முதல் முறையாக நடுவில் எந்தச் சாமானும் இல்லை.

"நம்ம வீட்டு ஆள் ஒருத்தராவது உள்ள இருக்கட்டுமே மாமா" என்றான்.

"இருடா" என்றார் அட்வான்ஸ். "ஆனா ஒண்ணு. இடது தொடையைத் தொட்டான்னா எழுந்து நில்லு."

"எழுந்து?"

"புது ஆளுக்குச் சொல்லாதே. நீ பாட்டுக்கு ஓடு."