அக்கரை தெரியாத தண்ணீர்

பள்ளிபாளையத்துக்குச் சற்றுக் கீழே இருந்த பரிசல் துறையில் அந்தப் பரிசல்காரரைச் சந்தித்தேன். மெலிந்த உடல், வெயிலில் வெளுத்த தலைப்பாகை. இடது காது மந்தம் என்பதால் முகத்தைச் சாய்த்தே பேசுவார். தினமும் முதல் நடைக் கூலியில் ஒரு காசை நடு ஆற்றில் காவிரிக்குப் போடுவார்.

அந்தக் காலக் கடற்படைத் தலைவர் ஒருவர் பிறந்த வீட்டை, அதை வாங்கியவர் இடிக்கவிருந்தார். ஆடி முடிவதற்குள் மீட்க நாங்கள் சிலர் நிதி திரட்டினோம். மூன்று நாள் அலைந்தும் என் உண்டியல் காலி. நான்காம் நாள் முதல் பரிசலில் ஏறினேன்.

“கடலையே பாக்காத நம்மகிட்டக் கப்பக்காரருக்கு வசூலுங்களா?” என்று பருத்தி வியாபாரி ஒருவர் சிரித்தார்.

பரிசல்காரர் மட்டும் என்னைக் கேட்டார்: “அவரு போன தண்ணியில அக்கரை தெரியுமுங்களா?”

“பல நாளைக்குத் தெரியாது.”

துடுப்பை நிறுத்திவிட்டார். “அக்கரை தெரியாமயா போனாரு! அப்ப அவரு பொறந்த கரையாச்சும் நிக்கோணுமுங்க, சாமி.”

கையிலிருந்த காவிரியின் காசை உண்டியலில் போட்டார்.

“யோவ், ஆத்தா காசய்யா அது!” என்று வியாபாரி பதறினார்.

“தண்ணிய நம்பிப் போனவரு ஊட்டுக்குத்தானுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

வியாபாரி மடியை அவிழ்த்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுவதும் பரிசலில் ஏறியவர்களிடமெல்லாம் அவரே எனக்காகப் பேசினார்.

வீடு தப்பியது. உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதும்போதுதான் அவர் பெயரைக் கேட்காதது உறைத்தது. அவரும் அந்தத் தலைவரின் பெயரைக் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காகத் தெய்வத்தின் பங்கை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்குமா என்று இன்றும் தெரியவில்லை.