டை ஊறும் நேரம்

அந்த பியூட்டி பார்லரில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு மருத்துவர் அதற்கு வேறு பெயர் சொன்னார்: ஏடிஹெச்டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத மூளை. அதே வருடம் எலும்பு மருத்துவர் தன் பங்குக்குச் சொன்னார்: இடுப்புத் தசையைப் பலப்படுத்தாவிட்டால், நாள் முழுக்க நின்று முடி வெட்டும் பிழைப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

அவள் முயலாமல் இல்லை. நீச்சல், யோகா, கயிறு தாண்டுதல் என்று ஒவ்வொன்றையும் தலைகால் தெரியாத ஆர்வத்தோடு தொடங்கி, இரண்டாம் வாரம் அப்படியொன்று இருப்பதையே மறந்திருக்கிறாள். ஆசையாக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் துண்டுகள் காய்ந்தன.

"வியாதியாவது மண்ணாங்கட்டியாவது. உனக்கு உடம்பு வளையல," என்பாள் அக்கா.

"வளையுதுக்கா. எப்ப வளைக்கணும்னுதான் ஞாபகம் வரல."

வழி வேலையிலேயே இருந்தது. தலைக்கு டை பூசினால் அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எழுந்தாள். போகப்போக, கிண்ணத்தைக் கழுவி வைத்ததும் கால் தானாகச் சுவரைத் தேடியது. இரண்டாம் மாதத்திலும் பழக்கம் உயிரோடிருந்தது. வலி குறைந்தது.

டைக்கும் பயிற்சிக்கும் ஒரே டைமர். ஒருநாள் அது அடித்தபோது, பயிற்சி முடிந்தது என்று மட்டும் நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். இளம்பழுப்பு கேட்டிருந்த வங்கி அதிகாரியின் தலை கரிக்கட்டையாக வந்தது.

முதலாளியம்மா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "இனிமே இங்க இந்தக் கூத்து வேணாம். எல்லாரையும் போல வீட்ல செய்."

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் தேய்ந்தவள் அவள். இந்த முறை அதோடு நிற்கவில்லை. "தப்பு என்னோடதுதான் மேடம். அவங்க தலைய நானே சரிபண்ணித் தரேன். ஆனா இத நிறுத்த மாட்டேன்."

"திமிரா?"

"இடுப்பு, மேடம். வீட்ல எனக்கு ஞாபகமே வராது. நிறுத்தினா கொஞ்ச நாள்ல நிக்க முடியாம போயிரும். அப்ப அனுப்புறதுக்கு இப்பவே அனுப்பிருங்க."

"நாளைக்கே மறந்துட்டு நிப்ப. உன்னத் தெரியாதா?"

"மறப்பேன். மறுபடி ஆரம்பிப்பேன். ஆரம்பிக்கிறதுல என்னைய யாரும் அடிச்சுக்க முடியாது."

இதில் மெச்சிக்கொள்ள அதிகமில்லை. பழக்கம் அறுந்தால் ஆளே உருப்படாதவர் என்று தீர்ப்பெழுதும் உலகத்தின் அவசரத்தை அவள் ஏற்க மறுத்தாள், அவ்வளவுதான்.

அன்று மதியம் வந்த முதல் வாடிக்கையாளருக்கு டை பூசி முடித்து, டைமரை அவர் மடியிலேயே வைத்தாள். "அடிச்சா சத்தமா கூப்பிடுங்க. உங்க தலை, உங்க பொறுப்பு." பிறகு, முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே இறங்கினாள்.