பாறையிடுக்குப் பூனை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு மறைமலை நகரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஸ்கூட்டரில் வண்டலூர் தாண்டிப் பறவை பார்க்கப் போவோம். காரையும் களாவும் மண்டிய வறண்ட புதர்க்காடு. ஒரு பக்கம் கல்குவாரி. மறுபக்கம் வீட்டுமனைக்காரர்கள் கல் நட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஒரு மாலை பாறையிடுக்கிலிருந்து சின்னஞ்சிறு பூனை ஒன்று எட்டிப் பார்த்தது.

“யார் வீட்டுக் குட்டியோ, வழி தவறி வந்துடுச்சு பாவம்,” என்றார் கணவர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அது உள்ளே போய், தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் குட்டி. தாயே வீட்டுப் பூனையில் பாதிதான் இருந்தது. உடம்பெல்லாம் துரு நிறப் புள்ளிகள். துரும்பன் பூனை! காட்டில் வாழும் பூனைகளிலேயே மிகச் சிறியது. படித்திருந்தேன், பார்த்ததில்லை. அவசரமாக ஒரு படம் எடுத்தேன்.

படம் கலங்கலாக வந்தது. எடுத்துக்கொண்டு வனத்துறை அதிகாரி ஒருவரிடம் போனேன்.

“வீட்டுப் பூனை மேடம். இந்தப் பக்கம் அதுக்கு ரெக்கார்டே இல்லையே.”

“அதனாலதான் சார் வந்திருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டு டீ வரவழைத்தார்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் காத்திருந்தும் அது கண்ணில் படவில்லை. அடுத்த கோடையில் ஒரு காலை நான் தனியாகப் போனபோது, குவாரிச் சாலையில் அடிபட்டுக் கிடந்தது ஒரு பூனை. அதே புள்ளிகள். துண்டில் சுற்றியெடுத்தபோது லாரி ஒன்று நின்றது.

“இன்னாம்மா, செத்த பூனைய சுத்திகினு கீற?” என்றார் டிரைவர்.

“வீட்டுப் பூனை இல்லண்ணா. காட்டுல இருக்கறது. இதுக்கு மேல வளராது. காலேஜுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“இத்தினியூண்டு தானா!” அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். “ஏறும்மா, காலேஜாண்ட வுட்டுர்றேன்.”

ஆய்வுக்கூடத்தில் அளந்தபோதுதான் கவனித்தேன்: மடியில் பால் இருந்தது. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். அன்று மாலை பாறை பாறையாகத் தேடினோம். குட்டிகள் கிடைக்கவில்லை.

மறுநாள் அதிகாரியே கல்லூரிக்கு வந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“நான் சொன்னது தப்பு மேடம். ரெக்கார்டுல எழுதிடலாம்,” என்றார்.

எழுதினார். குவாரிப் பக்கம் வேலி வந்தது, மறுபக்கம் நகராகிவிட்டது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாலின் நினைவாகவே இருந்தது.