பக்கத்து இருக்கை

சினிமா பார்க்கும்போதும் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தும். பல் வைத்தியரின் நாற்காலியிலும் அழுத்தும், தூக்கத்திலும்கூட அழுத்துமாம். பதினெட்டு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

நான் அவரிடம் கார் பழகியது பனி மூடிய காலைகளில். மரங்களும் மதில்களும் பாதி அழிந்து நிற்கும். கார் தெருவில் போகிறதா, தெருதான் காருக்குள் வந்துகொண்டிருக்கிறதா என்று மயக்கமாக இருக்கும். தெரியாமல் எஞ்சினை அணைத்துவிட்டால் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் வரும். "நின்னா என்ன, ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடலாம்." நடைபாதையில் சக்கரத்தை ஏற்றிவிட்டுப் பதறினால், "உங்க தப்பு இல்லீங்க. எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல? மிதிச்சிருக்கணும்" என்பார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே இன்னொரு முறை ஏற்றலாம் போலிருக்கும்.

அவருடைய சொந்தக் காரில் அந்த இரண்டாவது பிரேக் இல்லை. போன வருடம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்டிய அவர் மனைவி, ஒரு திருப்பத்தில் வேனில் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை, கதவு நசுங்கியதோடு சரி. "இவ பாக்காம திருப்பிட்டா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் மாஸ்டர் சொன்னார். அன்றிலிருந்து அந்த அம்மா சாவியைத் தொடவில்லை. அவரோடு பேச்சும் "சாப்பிடுங்க", "துண்டு அங்க இருக்கு" என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

எனக்கு லைசென்ஸ் கிடைத்ததற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மாவின் அண்ணனும் வந்திருந்தார். வேன் கதை அவருக்கு அலுப்பதே இல்லை.

"மாப்ள, ஊருக்கே கத்துக்குடுத்தீங்க. எங்க வீட்டுப் பொண்ணு மண்டைல மட்டும் ஏறலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"மச்சான், அவ நிறுத்தத்தான் செஞ்சா. 'வேன் போகட்டுமே'ன்னுகூடச் சொன்னா. நான்தான் 'அது தூரத்துல வருது, போ, போ'ன்னு விரட்டுனேன்."

"அடேயப்பா, பொண்டாட்டிக்கு வக்காலத்தா?"

"வக்காலத்து இல்ல மச்சான். மாஸ்டர்ங்கிற பேரு போயிடுமேன்னு பயந்து அவ தலைல போட்டுட்டேன்."

மச்சான் கை கழுவ எழுந்துபோனார்.

"இதைச் சொல்ல உங்களுக்குப் பதினோரு மாசம்" என்றார் அந்த அம்மா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"ஆமா" என்றார் மாஸ்டர்.

தூறல் பிடித்துக்கொண்டது. என்னைப் பேருந்து நிறுத்தத்தில் விடுவதற்காக அவர் சாவியை எடுத்தார். அந்த அம்மா கையை நீட்டினார். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஈரத் தெருவில் கார் படகுபோல மிதந்து போய்ப் பெரிய சாலையின் முனையில் நின்றது. இரு பக்கமும் மழைமூட்டத்தின் வெண்மை. அதிலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்து கடந்தன. அந்த அம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

மாஸ்டரின் உதடுகள் பிரிந்தன. சட்டென்று உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.